உற்றவனுக்குப் பொருளுடைமை வேண்டுமா?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்னும் பழமொழியை எழுதாத மாணவன் நம் தமிழ்ப் பள்ளிகளில் இருக்க மாட்டான். உடல்நலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரியாக அதுவே வந்து நிற்கும். முடிவுரையிலும் அதுவே மீண்டும் தலைகாட்டும். பழமொழியில் பிழையில்லை. ஆயினும் அதனை அடிக்கடி கேட்டுப் பழகிய காதுக்கு அதில் ஒளிந்திருக்கும் ஓர் ஆறுதல் புலப்படாமற் போகிறது. கையிற் காசில்லாதவனைப் பார்த்து, "உனக்கு நோயில்லையே, அதுவே பெருஞ்செல்வம்" என்று சொல்லித் தட்டிக் கொடுக்கும் குரல் அதில் உண்டு. அவனுக்கு நோய் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், பழமொழி வாய் திறப்பதில்லை.

வாய் திறந்து விடை சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது இனிக்கவில்லை. அவர்தாம் பரிமேலழகர்.

திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறள், அதாவது 950ஆம் குறள், மருத்துவம் என்பது நான்கு பகுதிகளை உடையது என்கிறது. நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன் ஒருவன். வள்ளுவர் சொல்வது இவ்வளவே. டாக்டர் மு. வரதராசனார் 1949இல் வெளியிட்ட தெளிவுரையும் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. நம் மாணவர்களிற் பெரும்பாலோர் கையிலிருப்பது அந்தச் சிறு நூலோ, அதன் வழிவந்த உரைகளோதாம். ஆகையால் அவர்கள் அறியாத செய்தி ஒன்றைப் பரிமேலழகர் உரையைத் திறப்பவர் மட்டுமே காண்கின்றனர்.

நான்கு பகுதிகளுள் ஒவ்வொன்றும் நந்நான்கு இலக்கணம் உடையது என்று பரிமேலழகர் விரித்துரைக்கிறார். தீர்ப்பவன் நோயைக் கண்டு அஞ்சக் கூடாது. ஆசிரியனிடம் முறையாகக் கற்ற கல்வியும் நுட்பமான அறிவும் வேண்டும். பலமுறை நோய் தீர்த்த பழக்கம் வேண்டும். எண்ணமும் சொல்லும் உடலும் தூயனவாக இருத்தல் வேண்டும். மருந்து பல நோய்களுக்கும் ஏற்றதாகவும், சுவையாலும் ஆற்றலாலும் மேம்பட்டதாகவும், எளிதிற் கிடைப்பதாகவும், உண்பவன் உடற்கூற்றோடு பொருந்துவதாகவும் அமைய வேண்டும். அருகிருப்பவனுக்கு நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு ஆகியன வேண்டும். நோயுற்றவனோ மருத்துவன் சொற்படி நடக்க வேண்டும். தன் நோயின் நிலையை உள்ளபடி எடுத்துரைக்க வேண்டும். மருந்து தரும் துன்பத்தைப் பொறுக்க வேண்டும். இம்மூன்றுக்கும் முன்னே, நோயுற்றவனது முதல் இலக்கணமாக, பரிமேலழகர் வைத்திருப்பது பொருளுடைமை.

முதலாவது பொருள், கீழ்ப்படிதலும் பொறுமையும் அதற்குப் பிறகுதான். பொருளில்லாதவன் நோயாளியாக இருப்பதற்கே இலக்கணம் நிரம்பாதவன் என்று பொருள்படும்படி வரிசை அமைந்திருக்கிறது. பதினாறு இலக்கணங்களையும் மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்புவித்த தலைமுறையினர் நம்மிடையே உண்டு. அவர்களில் எத்தனை பேர் இந்த முதற் சொல்லின்மேல் ஒரு கணம் தயங்கி நின்றனர் என்பது ஐயமே.

இந்தச் சொல் குறளிலிருந்து பிறந்ததன்று என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். மூலத்தில் அதற்கு இடமளிக்கும் ஓர் அசைகூட இல்லை. அது வந்த வழியைத் தேடினால் வடமொழி மருத்துவ நூல்களிற் போய் முடிகிறது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் வாக்படர் இயற்றிய அஷ்டாங்க இருதயம் என்னும் நூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்த நான்கும் அவற்றின் நந்நான்கு பண்புகளும் காணப்படுகின்றன. அங்கும் நோயாளியின் முதற் பண்பு செல்வமுடைமையே. அருகிருப்பவனுக்கு வாக்படர் கூறும் அன்பு, தூய்மை, திறமை, அறிவு ஆகிய நான்கும் பரிமேலழகர் உரையில் அப்படியே இடம்பெறுகின்றன. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலும் நோயாளிக்குரியவற்றுள் பொருளைச் சேர்த்திருக்கிறது. சரகர் பெயரால் வழங்கும் நூலில் மட்டும் நிலைமை வேறு. நினைவாற்றல், சொற்படி நடத்தல், அஞ்சாமை, நோயை எடுத்துரைக்கும் திறன் என்று நான்கை எண்ணுகிறது அது. அங்கே பொருளுக்கு இடமில்லை. ஒரு நூலில் நினைவாற்றல் நின்ற வரிசையில் இன்னொரு நூலில் செல்வம் வந்து நிற்கிறது.

ஆகவே பரிமேலழகர் முன் இரண்டு மரபுகள் இருந்தன. நோயாளியிடம் பொருளை எதிர்பார்க்காத மரபு ஒன்று. எதிர்பார்த்த மரபு மற்றொன்று. அவர் இரண்டாவதை எடுத்துக் கொண்டார். சரகர் நூலை அவர் கண்டிருக்க மாட்டார் என்று வாதிப்பவர் இருக்கலாம். கண்டாரா, காணவில்லையா என்பதன்று நம் கேள்வி. வள்ளுவர் வெறுமையாக விட்ட இடத்தில் உரையாசிரியர் எதைக் கொண்டுவந்து நிரப்பினார் என்பதே கேள்வி.

மருத்துவ நூலார்மீது சினங்கொள்வதும் முறையன்று. அவர்கள் எழுதியது அறநூல் அன்று, தொழில் நூல். மருத்துவனும் உண்ண வேண்டும். மூலிகை பறிப்பவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நெய்யும் தேனும் பாலும் விலைக்குத்தான் கிடைக்கும். பாதியில் நின்றுபோகும் மருத்துவம் தொடங்காத மருத்துவத்தைவிடத் தீங்கானது என்பதை அனுபவத்திற் கண்டவர்கள், தொடங்குமுன் நோயாளியின் மடியைப் பார்த்ததில் வியப்பில்லை. சரகர் நூலேகூட, மனிதன் நாடவேண்டியவை மூன்று என்று கூறுமிடத்தில், உயிரை முதலிலும் பொருளை அடுத்தும் மறுவுலகை மூன்றாவதாகவும் வைக்கிறது. வாழ்வதற்கு வகையில்லாமல் நீண்டநாள் வாழ்வதைப் போன்ற கேடு வேறில்லை என்பது அந்நூலின் கருத்து. நோயாளியின் இலக்கணத்திலிருந்து பொருளை விலக்கியவர்களும் வாழ்க்கையிலிருந்து அதனை விலக்கவில்லை.

பரிமேலழகருக்கும் நியாயம் வழங்கியாக வேண்டும். அவரே இதற்கு முந்திய 949ஆம் குறளுக்கு உரை எழுதும்போது, மருத்துவன் அறிய வேண்டிய நோயாளியின் அளவு இன்னது என்று விளக்குகிறார். உடற்கூறு, வயது, படும் வேதனை, உடல்வலிமை ஆகியவை அங்கே எண்ணப்படுகின்றன. பொருளின் அளவை அவர் அங்கே எண்ணவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவனின் கண்ணுக்குச் செல்வமும் வறுமையும் தெரியத் தேவையில்லை. மருத்துவம் முழுவதையும் ஓர் ஏற்பாடாக நோக்கும்போதுதான் செலவு என்ற ஒன்று தலைகாட்டுகிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்தே எழுதினாரா என்று நம்மால் சொல்ல இயலாது. ஆனால் உரையில் அந்த வேறுபாடு இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மருந்துக்குரிய நான்கினுள் எளிதிற் கிடைத்தல் என்பதும் ஒன்று என்று மேலே கண்டோம். வாக்படர் நூலில் அந்த வரிசையில் நிற்பது 'சம்பந்நம்' என்னும் சொல். தன் குணங்களெல்லாம் நிறைந்தது என்றே அதற்குப் பொதுவாகப் பொருள் கொள்வர். பரிமேலழகரோ அந்த இடத்தில் எளிதிற் கிடைத்தலை வைத்தார். சரகர் நூல் மருந்துக்குச் சொல்லும் மிகுதி என்னும் பண்பு இங்கே வந்து கலந்திருக்கலாம். எவ்வாறாயினும், நோயாளிக்குப் பொருள் வேண்டும் என்று எழுதிய அதே கை, மருந்து எளிதிற் கிடைக்க வேண்டும் என்றும் எழுதியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மருந்து எளிதாகுந்தோறும் பொருளின் தேவை குறையும். மருந்து அரிதாகுந்தோறும் பொருளே மருந்தாகிவிடும். ஒரே உரைக்குள் கிடக்கும் இந்த இழுபறியை வகுப்பறையில் எடுத்துக் காட்டினால், குறள் வகுப்பு உறங்காது.

இனி வள்ளுவரிடம் வருவோம். உரையாசிரியர் சேர்த்ததை நீக்கிவிட்டால், பொருளுக்கும் நலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நூலாசிரியர் என்னதான் நினைத்தார்?

மருந்து அதிகாரம் நிற்கும் இடத்தை முதலில் நோக்குக. அஃது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. பரிமேலழகர் வகுப்பின்படி அங்கவியலின் கடைசி அதிகாரம் அது. நட்பையும் அதன் மறுதலையான பகையையும் பேசிவரும் அதிகாரங்களின் முடிவில் நிற்கிறது. பழைய இயற்பகுப்புகளுள் ஒன்று, 84 முதல் 95 வரையுள்ள அதிகாரங்களைத் துன்பவியல் என்றே பெயரிட்டுத் தனியாக்குகிறது. எந்தப் பகுப்பை ஏற்றாலும் மருந்துக்கு முன்னே வரிசையாக நிற்பவை மூன்று: வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது. விலைமகளிர், கள், சூதாட்டம் ஆகிய மூன்றும் திருமகளால் கைவிடப்பட்டவர்களுக்கு உரிய தொடர்பு என்று 920ஆம் குறளே இவற்றை ஒரு கட்டாகக் கட்டித் தருகிறது. செல்வம் வெளியேறும் வாயில்கள் மூன்று. அவை உடலும் கெடும் வாயில்களே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தை அறிந்தவர்களுக்குச் சம்பள நாளன்று அந்த இரண்டும் சேர்ந்து வெளியேறிய கதை தெரியும்.

சூது அதிகாரத்தின் கடைசிக் குறள், 940, வியப்புக்குரியது. பொருளை இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை வளர்கிறது. அதுபோலவே துன்பத்தில் உழல உழல உடலின்மேல் உயிருக்குக் காதல் வளர்கிறது என்பது அதன் கருத்து. பொருளிழப்பும் உடல் துன்பமும் ஒரே உவமையில் அருகருகே வைக்கப்பட்டு, அடுத்த பக்கத்தில் மருந்து தொடங்குகிறது. அதிகார வரிசை வள்ளுவர் வைத்ததுதானா என்று ஐயுறுவோர் உண்டு. உரையாசிரியர்களிடையே வரிசை வேறுபாடுகள் இருப்பதும் உண்மை. ஆனால் இந்தக் கீல் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை.

பொருட்பாலில் நிற்கும் அதிகாரம் யாரை நோக்கிப் பேசுகிறது? பத்துக் குறளையும் எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். முதற் குறள் மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறது. அடுத்த ஆறும், 942 முதல் 947 வரை, உண்பதைப் பற்றியவை. முன்னுண்டது செரித்ததா என்று பார்த்து உண்க, அளவறிந்து உண்க, நன்றாகப் பசித்த பின் உண்க, மாறுபாடில்லாத உணவை உண்க, பெருந்தீனிக்காரனிடம் நோய் குடியிருக்கும். இந்த அறிவுரைகளெல்லாம் எப்படிப்பட்டவனுக்கு? உணவு இருக்கிறது, வேண்டாம் என்று தள்ளவும் முடியும் என்ற நிலையிலிருப்பவனுக்கு. பசிக்கும்வரை காத்திரு என்று பசித்துக் கிடப்பவனிடம் எவரும் சொல்வதில்லை. ஆக, மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி உள்ளவனுக்கு எழுதப்பட்டது. மிகையால் வரும் நோயை அது பேசுகிறது.

அப்படியானால் இல்லாதவனின் நோயை வள்ளுவர் மறந்தாரா? மறக்கவில்லை, வேறிடத்தில் வைத்தார். ஈகை என்னும் 23ஆம் அதிகாரத்தில், பகுத்துண்டு பழகியவனைப் பசி அணுகாது என்று சொல்லுமிடத்தில், பசியையே தீயதொரு நோய் என்று பெயரிட்டு அழைக்கிறார். அஃது 227ஆம் குறள். அதற்கு முந்திய குறளில், ஏழையின் கொடும்பசியைத் தீர்ப்பதே செல்வன் தன் பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்கிறார். ஏழையின் வயிற்றைச் செல்வனின் பண்டசாலையாக்கிய இந்தக் கற்பனையை எண்ணி எண்ணி மகிழலாம். உள்ளவனின் நோய்க்கு மருந்து பொருட்பாலில்; இல்லாதவனின் நோய்க்கு மருந்து அறத்துப்பாலில். முன்னதில் நோயாளியே தன் வாயைக் கட்ட வேண்டும். பின்னதில் கட்டவிழ வேண்டியது அடுத்தவன் கை.

இந்தப் பாகுபாடு அழகாக இருக்கிறது; இன்றைக்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் வில்லங்கம். பெருந்தீனி செல்வர்க்கே உரியது என்ற காலம் போய்விட்டது. மலேசியச் சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய நாடளாவிய ஆய்வில், வயது வந்தோரிடையே நீரிழிவு 18.3 சதவீதம் எனக் கண்டனர். இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடையே அது மிகுதியாக இருந்தது. அவர்களெல்லாம் செல்வர் அல்லர். வெள்ளைச் சோறு மலிவு. சீனியும் டின்பாலும் கலந்த தேநீர் மலிவு. எண்ணெயில் பொரித்தது மலிவு. கீரையும் மீனும் பழமும் விலை கூடியவை. அளவு மிகுந்து சத்துக் குறைந்த உணவே ஏழையின் தட்டில் விழுகிறது. மிகினும் நோய், குறையினும் நோய் என்று 941ஆம் குறள் இரண்டாகப் பிரித்துச் சொன்னது ஒரே தட்டில் ஒரே வேளையில் நிகழ்கிறது. வாயைக் கட்டு என்று மட்டும் அவனுக்கு அறிவுரை சொல்வோமானால், செல்வனுக்குரிய அதிகாரத்தை ஏழைக்குப் படித்துக் காட்டியவர்களாவோம்.

நாடு என்னும் 74ஆம் அதிகாரத்தில் இந்தக் கேள்வி தனிமனிதனிடமிருந்து விடுபட்டு விரிகிறது. மிகுந்த பசியும் ஓயாத நோயும் அழிக்கும் பகையும் சேராமல் நடப்பதே நாடு என்று 734ஆம் குறள் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பசியும் நோயும் பகைவனது படைக்குச் சமமாகிவிட்டன. அவற்றை எதிர்ப்பது யார் பொறுப்பு என்பதைச் சொல்லாமலே சொல்லியாயிற்று. 738ஆம் குறள் நாட்டுக்கு அணி ஐந்து என்று எண்ணுகிறது. நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம், காவல் என்பன அவை. செல்வத்துக்கு முன்னே நோயின்மை! யாப்புக்காக முன்னே வந்தது என்று ஒருவர் மறுக்கலாம். ஒரு குறளின் வரிசையைக் கொண்டு கோட்டை கட்டுவது சரியன்று. ஆயினும், தனிமனிதன் மருத்துவம் செய்துகொள்ளப் பொருள் முதலில் வேண்டும் என்ற உரையையும், நாட்டுக்கு நோயின்மை முதலில் வேண்டும் என்ற மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, முரண்பாடு கண்ணை உறுத்துகிறது. செல்வமுள்ள நாடு நோயை விலக்குமா, நோயை விலக்கிய நாடு செல்வம் பெறுமா?

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தபோது, அவ்வூரும் அவ்வாண்டே திறக்கப்பட்ட துறைமுகமும் மலேரியாவால் சீரழிந்து கிடந்தன. துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசினர் எண்ணும் அளவுக்குக் காய்ச்சல் பரவியிருந்தது. கொசுவே அந்நோயைச் சுமந்து செல்கிறது என்று ரொனால்டு ராஸ் கண்டறிந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நிலங்களை வடிக்கச் செய்தார். புதர்களை அழிக்கச் செய்தார். ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் நோய் தணிந்தது. பின்னர் அவர் தோட்டங்களின் பக்கம் திரும்பினார்; 1911இல் அதுபற்றி நூலும் எழுதினார். அங்கே மாண்டுகொண்டிருந்தவர்களில் நம்மவர் எத்தனை என்பதற்குத் தோட்டத்துப் புதைகாடுகளே சாட்சி.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், கால்வாய் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் தொழிலாளியின் கூலி உயர்ந்துவிடவில்லை. அவன் மடியில் பொருள் சேர்ந்து அவன் நோய் தீரவில்லை. பிறர் செலவிட்டனர், அவன் பிழைத்தான். செலவிட்டவர்களும் அருளால் மட்டும் செலவிடவில்லை. துறைமுகம் மூடினால் வணிகம் நிற்கும். தொழிலாளி படுத்தால் பால்மரம் காத்திராது. பொருளைக் காப்பாற்றவே நலத்துக்குப் பொருள் கொடுத்தார்கள். நோக்கம் எதுவாயினும் வாய்க்காலில் நீர் வடிந்தது. அறநூல் படித்தவர்களுக்கு இது சிறிது நெருடும்.

பொது மருத்துவம் வந்துவிட்டால் போதும், ஏழை பணக்காரன் என்ற வேறுபாடு நலத்தில் மறைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இலண்டன் அரசாங்க ஊழியர்களாகிய ஆண்களை 1967 முதல் தொடர்ந்து ஆராய்ந்தனர். பிரிட்டனில் 1948 முதல் மருத்துவம் அனைவருக்கும் பொதுவாகிவிட்டது. அவர்களில் எவரும் பஞ்சையர் அல்லர்; எல்லோருக்கும் நிலையான சம்பளம். அப்படியிருந்தும் கடைநிலை ஊழியரிடையே இறப்பு, உயர்நிலை அதிகாரிகளிடையே இருந்ததைவிட ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. மேற்படியிலிருந்து கீழே இறங்க இறங்க, படிக்குப் படி நலம் குறைந்தது. புகைபிடித்தல் போன்ற பழக்கங்கள் இதன் ஒரு பகுதியைத்தான் விளக்கின. மருந்து வாங்கும் பொருள் மட்டுமன்று, அன்றாட வேலையில் ஒருவனுக்கு இருக்கும் உரிமையும் மதிப்பும்கூட உடம்பில் ஏறிவிடுகின்றன போலும். வறுமை என்னும் ஒன்றிலிருந்து பல துன்பங்கள் பெருகும் என்று நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னபோது, அந்தப் பலவற்றையும் அவர் பட்டியலிடவில்லை. பட்டியலில் இன்னும் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பரிமேலழகரின் பொருளுடைமையை யார்மீது சுமத்துவது என்ற கேள்விக்கு, ஒரு பாலத்தின் இரு கரைகளிலும் இருக்கும் இரண்டு நாடுகள் வெவ்வேறு விடை கூறியிருக்கின்றன. சிங்கப்பூரில் 1984இல் மெடிசேவ் வந்தது. ஊழியன் சம்பளத்தில் ஒரு பகுதி மருத்துவச் செலவுக்கென்றே அவன் பெயரில் கட்டாயமாகச் சேமிக்கப்படுகிறது. நோயுற்றவனுக்குப் பொருளுடைமை வேண்டும் என்ற இலக்கணத்தைச் சட்டமாக்கி, நோய் வருமுன்னரே அவனைப் பொருளுடையவனாக்கும் முயற்சி அது. அந்தச் சேமிப்பும் எட்டாத இடத்துக்குக் காப்புறுதியாக மெடிஷீல்டு 1990இலும், கையில் எதுவுமில்லாதவர்களுக்காக மெடிஃபண்டு 1993இலும் சேர்க்கப்பட்டன. இலக்கணத்துக்குப் புறனடை எழுதியது போன்றது அது. மலேசியாவிலோ, அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளியாகச் செல்லும் குடிமகன் ஒரு வெள்ளி கொடுத்து மருத்துவரைப் பார்த்துவரும் முறை பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. பொருளுடைமை நோயாளியின் இலக்கணத்திலிருந்து கழற்றப்பட்டு வரிப்பணத்தின்மேல் வைக்கப்பட்டது.

எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறும் தகுதி ஓர் இலக்கியக் கட்டுரைக்கு இல்லை. ஆனால் ஒரு வெள்ளியோடு கணக்கு முடிவதில்லை என்பதை எடுத்துக்காட்டக் குறளே துணை செய்கிறது. நான்கு பகுதிகளுள் நான்காவதாகிய உழைச்செல்வானை நினைவுகூர்க. அருகிருப்பவனுக்கு வேண்டியவற்றுள் அன்பை முதலில் வைத்தார் பரிமேலழகர்; நோயாளியிடம் காசைக் கேட்டவர் இவனிடம் அன்பைக் கேட்கிறார். தந்தையின் படுக்கையருகே மூன்று நாள் இருக்கும் மகன் நாட்கூலிக்காரனாக இருந்தால் மூன்று நாள் கூலி போயிற்று. அம்மாவை வாரத்துக்கு மூன்றுமுறை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்லும் மகள் வேலையையே விட்டுவிடுகிறாள். இந்தச் செலவு எந்த மருத்துவமனைப் பற்றுச்சீட்டிலும் ஏறுவதில்லை. அன்புடைமை என்னும் ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பொருளுடைமை புதைந்திருக்கிறது! அதை ஏறக்குறைய எப்போதும் பெண்களே கொடுத்து வருகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்பாற் சொல்லால் மூலம் அமைந்தது இலக்கண மரபு.

பொருளையும் மருந்தையும் வள்ளுவர் நேருக்கு நேர் ஒட்டவைத்துப் பேசும் இடம் ஒன்றுண்டு. அது மருந்து அதிகாரத்தில் இல்லை. ஒப்புரவறிதல் என்னும் 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே மூன்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. உலகம் விரும்பும் பேரறிவாளனின் செல்வம் ஊருணியில் நீர் நிறைந்தாற் போன்றது. நயமுடையவனின் செல்வம் ஊர் நடுவே மரம் பழுத்தாற் போன்றது. பெருந்தகையாளனின் செல்வம், எல்லா உறுப்பும் மருந்தாகித் தவறாமற் பயன்படும் மரம் போன்றது. தண்ணீர், பழம், மருந்து என்று தேவையின் கடுமை ஏறிக்கொண்டே போகிறது. தாகத்துக்கு வேறு குளம் தேடலாம், பழம் இல்லாவிட்டாலும் உயிர் போகாது, மருந்துக்கு மாற்றில்லை. இதற்கு நேர்மாறானவனை நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தில் காட்டுகிறார். தானும் நுகராமல் பிறர்க்கும் கொடாமல் இருப்பவனை ஏதம் என்கிறது 1006ஆம் குறள். அச்சொல்லுக்கு நோய் என்று பொருள்கொண்டு, அவன் தன் செல்வத்துக்கு ஒரு நோய் ஆவான் என்று எழுதினார் மு. வ. செல்வம் ஒருவனிடத்தில் மருந்தாகிறது. இன்னொருவனிடத்தில் செல்வமே நோயுற்றுக் கிடக்கிறது.

மருந்து மரத்தைப் பற்றிய 217ஆம் குறளில், தவறாமை என்பதை வள்ளுவர் விளக்கவில்லை. பரிமேலழகர் விளக்கினார். நோயாளியின் மடியைத் தடவிய அதே உரையாசிரியர், இங்கே மரத்தைச் சுற்றி வந்து பார்க்கிறார். நல்ல மருந்து மரமும் மூன்று வகையால் பயன்படாமற் போகலாம் என்கிறார். ஒன்று, சென்று பறிக்க முடியாத இடத்தில் அது நிற்கலாம். இரண்டு, இன்னதென்று தெரியாதபடி மறைந்து நிற்கலாம். மூன்று, பருவத்துக்குப் பருவம் வேறுபட்டு, வேண்டும்போது உதவாமற் போகலாம்.

950ஆம் குறளின் உரையைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள், 217ஆம் குறளின் உரையையும் அதே வகுப்பில் படித்துக் காட்டினால் நன்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது டிரெஸ்ஸரும் மருந்தறையும் போய், அரசாங்க மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிச் செல்ல நேர்ந்த குடும்பங்கள் உண்டு. மரம் எட்டாத இடத்தில் நின்றது. உதவித் திட்டம் இருந்தும், விண்ணப்பத் தாள் எந்த முகப்பில் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லாத முதியவர்கள் உண்டு. மரம் மறைந்து நின்றது. வேலை முடிந்து வருமுன் மருந்தகம் மூடிவிடுவதால், நோயை மாதக்கணக்கில் தள்ளிப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் கையில் அந்த ஒரு வெள்ளி இல்லாமற் போகவில்லை.